ஒட்டுப்போர்வை தையலில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதுதான் ஒட்டுப்போர்வை. அதில் கோளாறு கண்ணில் படுகிற இடம் ஒன்று, அது உண்டான இடம் வேறு. சதுரங்களின் மூலை சேராதது வரிசைகளை இணைக்கும்போதுதான் தெரியும், ஆனால் துணி வெட்டும்போதே அது ஆரம்பித்திருக்கும். சாயம் இறங்குவது முதல் சலவையில் தெரியும், துணி வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டியது அது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்போதைக்கு என்ன செய்யலாம் என்பதோடு, எந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன். துணியை இழுத்துப் பிடித்துத் தைத்து ஒப்பேற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கோளாறு அடுத்த வரிசைக்குப் போய் அங்கே இன்னும் பெரிதாகும்.

சொல்வதெல்லாம் வீட்டு மிஷினுக்கும் பருத்தித் துணிக்கும், நம் சென்னை வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் பொருந்துவது.

மூலைகள் சேரவில்லை, வரிசைகள் ஒரே நீளமாக இல்லை

முதல் சந்தேகம் தையல் ஓரத்தின் மேல், அதாவது துணி விளிம்புக்கும் தையலுக்கும் நடுவே விடும் இடத்தின் மேல். ஒட்டுப்போர்வைக்குக் கால் இன்ச், அதாவது 2 நூல் (8 நூல் ஒரு இன்ச்) ஓரம் விட்டுத் தைப்பதுதான் வழக்கம். ஜாக்கெட் தைத்துப் பழகியவர்களுக்கு, பிறகு பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று தாராளமாக ஓரம் விட்டே கை பழகியிருக்கும். இங்கே அது உதவாது. கணக்கைப் பாருங்கள்: ஒரு தையலில் ஓரம் அரை நூல் கூடினால் இரண்டு பக்கத் துணியிலும் அரை அரை நூல் போகும், மொத்தம் ஒரு நூல். வரிசைக்கு 10 சதுரம் என்றால் 9 தையல், ஆக 9 நூல், ஒரு இன்ச்சையும் தாண்டிவிட்டது. எல்லா வரிசையிலும் ஒரே அளவு கூடியிருந்தால் போர்வை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். ஒன்றில் கூடி இன்னொன்றில் குறைந்தால்தான் மூலை விலகும்.

உங்கள் மிஷினில் கால் இன்ச் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு, இதைச் செய்யாமல் புதுப் போர்வையை ஆரம்பிக்கவே வேண்டாம். ஒன்றரை இன்ச் அகலத்தில் 3 பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் ஒன்றோடொன்று தைத்து, அயர்ன் செய்து, நடுப் பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இன்ச் வர வேண்டும். குறைந்தால் ஓரம் அதிகம், கூடினால் ஓரம் கம்மி. துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் விளிம்பு கால் இன்ச் என்று நம்பித் தைப்பவர்கள் அதிகம், ஆனால் பல பழைய மிஷின்களில் அது கால் இன்ச்சாக இருப்பதில்லை. சோதனையில் அளவு பிடிபட்டதும் ஊசித் தட்டின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டி, துணி விளிம்பை அதன் ஓரமாகவே ஓட்டுங்கள். சில மிஷினில் கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைத்தால்தான் நடுப் பட்டை ஒரு இன்ச் வரும், ஏனென்றால் துணி மடங்கும் இடமும் நூலின் தடிமனும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கின்றன.

ஓரம் சரியாக இருந்தும் மூலை விலகுகிறதா? அப்படியானால் வெட்டைப் பாருங்கள். துணி டேப் நாளாக ஆக நீண்டுவிடும், அதை ஒரு எஃகு ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு ஃபைபர் கிளாஸ் டேப் வாங்குங்கள். இன்னொன்று, ஒரே போர்வைக்குப் பாதி இன்ச்சிலும் பாதி சென்டிமீட்டரிலும் வெட்டாதீர்கள். கத்தரியால் நாலைந்து அடுக்கை ஒரே நேரத்தில் வெட்டினால் அடியில் இருக்கும் துணி நழுவி அளவு மாறும், 2 அடுக்கு போதும். உருளைக் கத்தியும் (ரோட்டரி கட்டர்) துணிக்கு அடியில் வைத்து வெட்டும் பாயும் வைத்திருப்பவர்கள் அந்தப் பாயை எப்போதும் படுக்கை வசமாக, நிழலில் வையுங்கள். சித்திரை வெயில் படுகிற ஜன்னலோரம் சாய்த்து வைத்தால் அது வளைந்துபோகும், வளைந்த பாயில் நேர் வெட்டு வரவே வராது.

மூன்றாவது சந்தேகம் அயர்ன் பெட்டி. சட்டைக்குச் செய்வதுபோல் முன்னும் பின்னும் தேய்த்தால் துண்டுகள் ஒரு பக்கமாக நீளும். பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். ஒரு வரிசையின் ஓரங்களை எல்லாம் வலப்பக்கம் மடித்து அழுத்தினால் அடுத்த வரிசையில் இடப்பக்கம் மடியுங்கள், அப்போது இணைக்கும்போது இரண்டு ஓரங்களும் ஒன்றோடு ஒன்று கோத்து உட்காரும், மூலை தானாகச் சேரும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே தைத்தாகிவிட்டது என்றால் முழு வரிசையையும் பிரிக்க வேண்டாம். விலகிய மூலைக்கு இரண்டு பக்கமும் ஓர் இன்ச் மட்டும் பிரித்து, மூலையில் குண்டூசி குத்தி, திரும்பத் தையுங்கள். அரை நூலுக்கும் குறைவான விலகலை விட்டுவிடலாம் என்பது என் கருத்து, மூன்று அடுக்கையும் சேர்த்து அடுக்குத் தையல் போட்டு ஒருமுறை துவைத்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது.

முக்கோணம் வைத்த கட்டங்கள் தட்டையாகப் படியவில்லை

முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் கிராஸ் வெட்டு, அதாவது பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே போவது. அந்தப் பக்கம் கை பட்டாலே நீளும். முக்கோணமாக வெட்டிய பிறகு தைப்பதைவிட, வெட்டாமலே தைத்துவிடுவது நல்லது. 4 இன்ச் கட்டம் வேண்டுமென்றால் இரண்டு நிறத்திலும் 5 இன்ச் சதுரம் ஒவ்வொன்று வெட்டி, நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, பிறகு கோட்டின் மேல் வெட்டுங்கள். இரண்டு கட்டங்கள் கிடைக்கும். இரண்டையும் நாலரை இன்ச்சுக்குச் சீவிக்கொள்ளுங்கள். சுற்றியும் ஓரம் போனபின் சரியாக 4 இன்ச் நிற்கும்.

மெல்லிய மல் துணி, பழைய சேலை மாதிரி வழுக்கும் துணிகளுக்கு வெட்டுவதற்கு முன்பே கஞ்சி போடுங்கள். சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, முக்கிக் காயவைத்து அயர்ன் செய்தால் துணி காகிதம்போல் நிற்கும், கோடும் நேராக விழும். கடையில் விற்கும் ஸ்டார்ச்சும் சரிதான். ஒரு எச்சரிக்கை: கஞ்சி போட்ட துண்டுகளை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள், இராமபாணப் பூச்சி வந்து ஓட்டை போட்டுவிடும். எந்த வாரம் தைக்கப் போகிறீர்களோ அந்த வாரம் கஞ்சி.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுகிறது

அடியில் சிக்குவதால் எல்லோரும் அடி நூல் இருக்கும் பாபின் கேஸைத் திருகுகிறார்கள். தொடாதீர்கள். அடியில் தொங்குவது பெரும்பாலும் மேல் நூல்தான், அது நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை என்று அர்த்தம். ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முழுக்க உருவி, மறுபடி கோர்த்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொண்டு நூலை உள்ளே விடாது. ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டு முதல் நாலைந்து தையல் போடுங்கள், அதோடு பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் தீராவிட்டால் ஊசித் தட்டைக் கழற்றிப் பாருங்கள், பருத்தித் தூசி அட்டையாக அமுங்கிக் கிடக்கும். பிரஷ்ஷால் எடுத்துவிட்டு ஒரு சொட்டு மிஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது நாளடைவில் பிசினாக இறுகி மிஷினையே கனமாக்கிவிடும்.

தையல் விட்டு விட்டு விழுகிறது, நூல் அறுகிறது

ஊசியை மாற்றுங்கள். மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஒரு ஊசியின் விலை நீங்கள் தேடும் நேரத்துக்கு ஈடாகாது. ஒவ்வொரு போர்வைக்கும் புது ஊசியில் ஆரம்பிப்பது நல்ல பழக்கம், ஜரிகையோ ஜீன்ஸ் துண்டோ சேர்த்தால் நடுவில் இன்னொரு முறை மாற்றுங்கள். துண்டுகளை இணைக்க 11ஆம் நம்பர், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 14, ஜீன்ஸ் இருந்தால் 16. கடையில் கேட்கும்போது வீட்டு மிஷினா பவர் மிஷினா என்று சொல்லியே வாங்குங்கள், வீட்டு மிஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசிக்குத் தலை முழு உருண்டை. மாற்றிப் போட்டால் தையல் விழாது. மாட்டும்போது நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும், தட்டைப் பக்கம் அதற்கு எதிரில் இருக்கும். பாபின் வாங்குவதானால் பழைய பாபினைக் கையோடு கொண்டுபோங்கள், பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உயரம் ஒரு மயிரிழை மாறினால் சுழலாது.

அப்புறம் நூல். நல்ல மிஷின் வாங்க மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் நூல்கண்டை மட்டும் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் போர்வையை வருடக்கணக்கில் பிடித்து வைத்திருக்கப் போவது அந்த நூல்தான். ஒரு முழம் இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பஞ்சு பஞ்சாக மயிர் நீட்டிக்கொண்டிருந்தாலோ, ஒரு இடம் தடித்தும் ஒரு இடம் மெலிந்தும் இருந்தாலோ வேண்டாம். இரண்டு கையாலும் சுண்டி இழுங்கள், பட்டென்று எளிதில் அறுந்தால் பழைய சரக்கு. கடை வாசலில் வெயில் படுகிற மாதிரி அடுக்கியிருக்கும் கண்டுகளைத் தவிர்த்து, உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். ஓவர்லாக்குக்கு விற்கும் பெரிய கோன் நூல் மெலிசு, இணைப்புத் தையலுக்கு அது தாங்காது. நிறத்துக்கு அலைய வேண்டாம், இளம் சாம்பலும் சந்தன நிறமும் இருந்தால் எந்தத் துணியோடும் அடங்கிவிடும்.

இணைப்பு விட்டுப்போகிறது, ஓரம் பிசிறுகிறது

தையல் நீளம் 2 முதல் இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், இன்ச்சுக்கு 10, 12 தையல். அது சரியாக இருந்தும் பிரிந்தால் துணியின் குற்றம். நெசவு இளக்கமான கைத்தறித் துணியில் கால் இன்ச் ஓரம் நிற்காது, அப்படிப்பட்ட துணி ஒன்று இருந்தாலும் போர்வை முழுவதற்கும் 3 நூல் ஓரம் வைத்து வெட்டிவிடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கூட்டினால் மேலே சொன்ன மூலைப் பிரச்சினைதான்.

பழைய சேலை, பழைய சட்டை எடுப்பவர்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டு கையாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். இழை விலகிக் கோடு விழுந்தால் அந்தப் பகுதி வேண்டாம். சேலையில் முந்தானைப் பக்கம் பெரும்பாலும் உறுதியாக இருக்கும், காலடியில் உரசும் கரைப்பக்கம் நைந்திருக்கும். அம்மாவின் சேலை, பாட்டியின் சேலை என்று ஆசையாக வைத்திருக்கும் துணி நைந்துபோயிருந்தால் அதைத் தள்ள மனம் வராது, தள்ளவும் வேண்டாம். அதற்கு அடியில் மெல்லிய மல் துணியை வைத்து இரண்டையும் ஒரே துண்டாக வெட்டித் தைத்தால் இன்னும் பல வருடம் இருக்கும்.

புதுத் துணி வாங்க, பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த வியாபாரம்தான் அதிகம், ஒரு மீட்டர் கேட்டால் எல்லாக் கடையிலும் கொடுக்க மாட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் தி.நகரிலும் கட் பீஸும் பிளவுஸ் பிட்டும் தேடலாம். கைத்தறி வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. பிட் துணியில் 'காட்டன்' என்று சொல்லிப் பாலியஸ்டர் கலந்தது வரும், அது அயர்னில் சுருங்கிப் பக்கத்துத் துண்டையும் இழுக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சில இழைகளை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

அடித்துணியில் சுருக்கம் விழுகிறது

மேலே அழகாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் மடிப்பு மடிப்பாகத் தைத்திருக்கும். மூன்று அடுக்கையும் சரியாக விரிக்காததுதான் காரணம். தரை டைல்ஸ்தான் இதற்கு நல்ல இடம். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், விறைப்பாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல்துணியையும் மடிக்கும். அதன் மேல் நடு அடுக்கு, அதன் மேல் தைத்த மேல்துணி. நடுவிலிருந்து வெளியே கையால் தடவித் தடவி, ஒரு முஷ்டி இடைவெளியில் சேஃப்டி பின் குத்துங்கள். தைப்பதும் நடுவில் ஆரம்பித்து வெளியே போக வேண்டும். தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் கூட்டி, ஃபுட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வாக்கிங் ஃபுட் என்று கேட்டால் மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ஃபுட் கொடுப்பார்கள், நேர்க் கோட்டுத் தையலுக்கு அது பெரிய உதவி.

கையால் ஓட்டுத்தையல் போடுகிறவர்களுக்கு வேறு வழியும் உண்டு. வட கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டி போர்வையில் ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றியே உள்ளே உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள், துண்டுகளையும் போகப் போகவே மடித்து வைத்துத் தைத்துவிடுகிறார்கள். பஞ்சு அடுக்கே இல்லாததால் அங்கே சுருக்கத்துக்கு இடம் குறைவு.

உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகிவிட்டது, அல்லது போர்வை புழுங்குகிறது

இரண்டுக்கும் காரணம் நடு அடுக்கு. இலவம் பஞ்சு தலையணைக்குச் சரி, துவைக்கிற போர்வைக்கு ஆகாது, நனைந்ததும் ஒரு மூலையில் திரண்டுவிடும். மீட்டர் கணக்கில் விற்கும் தடித்த ஃபைபர் ஷீட் ஊட்டிக்குப் பொருந்தலாம். நம் ஊரில் மார்கழி இரவிலேயே 20 டிகிரிக்கு அருகில்தான் இருக்கும், ஏசி அறை என்றாலும் அவ்வளவு கனம் தேவையில்லை. பழைய பருத்தி வேட்டி ஒரு மடிப்போ இரண்டு மடிப்போ, இல்லாவிட்டால் ஃப்ளானல் துணி, இவ்வளவுதான் சென்னைக்கு வேண்டும். காற்று போகும், சீக்கிரம் காயும், கட்டியாகாது. பஞ்சு அடுக்குதான் வேண்டும் என்றால் அடுக்குத் தையல் கோடுகளை ஒரு முஷ்டிக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள்.

முதல் சலவையில் சாயம் இறங்கிவிட்டது

இதுதான் மனதை உடைக்கும், இதற்குத்தான் முன்னேற்பாடும் அதிகம். அடர் சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு, சுங்குடி, கலம்காரி எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே சோதியுங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீரும் (கலம்காரிக்குக் குளிர்ந்த தண்ணீரும்) ஒரு சொட்டு திரவ சோப்பும் விட்டு, துணித் துண்டை அரை மணி நேரம் போட்டு, பிறகு பிழியாமல் ஒரு வெள்ளைத் துணியின் மேல் விரித்துக் காயவையுங்கள். தண்ணீரில் நிறம் வந்தால்கூடச் சில துணிகள் வெள்ளையில் ஒட்டாது, ஒட்டினால்தான் பிரச்சினை. அவுரி நீலத்துக்கு இன்னொரு சோதனை: உலர்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நனையாமலே நிறம் வரும்.

கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயப் பட்டறையில் உப்பு போடுவது உண்மைதான், அங்கே அது சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளுகிறது, சலவை சோடாதான் பிணைக்கிறது. சாயம் ஏறி முடிந்த துணியில் மீதி ஒட்டாமல் நிற்கும் நிறத்தை உப்போ வினிகரோ பிடித்துவைக்காது. செய்ய வேண்டியது அந்த மீதியை வெளியே எடுப்பதுதான்: தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். கலம்காரி போன்ற இயற்கைச் சாயத்துக்குக் குளிர்ந்த தண்ணீர், மற்றவற்றுக்கு வெந்நீர். எத்தனை அலசினாலும் தெளியாத துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன நம் மெட்ராஸ் செக் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டு, முதலில் புகார் கிளம்பி, பிறகு சாயம் போவதையே அதன் சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள். தனிச் சட்டைக்கு அது அழகு, வெள்ளைக் கட்டத்துக்கு நடுவே வைத்தால் அழகில்லை.

சுருக்கத்தையும் இதோடு பார்த்துவிடலாம். 10 இன்ச் சதுரம் வெட்டித் துவைத்து, காயவைத்து, அயர்ன் செய்து அளங்கள், ஒன்பதரை வந்தால் நூற்றுக்கு 5 சுருங்குகிறது. ஒரு துணி சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால் போர்வை பள்ளம் மேடாகும், அதனால் எல்லாவற்றையும் முன்பே துவைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே இறங்கிவிட்டதா? காயவிடாதீர்கள், அயர்ன் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் அந்தக் கறை உறைந்துவிடும். பெரிய டப்பில், கை பொறுக்காத வெந்நீரில், தாராளமாகத் திரவ சோப்பு விட்டு, போர்வை முழுவதும் மூழ்கும்படி மேலே ஏதாவது கனம் வைத்து, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். தண்ணீர் நிறைய வேண்டும், கறை பிடித்த சாயம் மிதந்து விலகிப் போக இடம் வேண்டுமல்லவா. காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் மாற்றி மறுபடி. தெளிந்த பிறகே காயப்போடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக வேலை செய்யாது, இந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீரைப் பிடித்துவைத்துச் செய்யுங்கள். கலம்காரி கலந்த போர்வைக்கு இந்த வெந்நீர் வழி வேண்டாம், குளிர்ந்த தண்ணீரிலேயே பலமுறை அலசுங்கள்.

துரு புள்ளியும் பூஞ்சை வாடையும்

கடற்காற்றில் குண்டூசியும் சேஃப்டி பின்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பின் குத்திய போர்வையை ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் மடித்து வைத்தால் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு பழுப்புப் புள்ளி நிச்சயம், அந்த மாதங்களில் பின்னுக்குப் பதிலாக நூலால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுவைப்பது மேல். புள்ளி விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் தடவி வெயிலில் சிறிது நேரம் வைத்து அலசுங்கள், ஆனால் அது நிறத்தையும் வெளுக்கக்கூடியது, அதனால் முதலில் மீந்த துண்டு ஒன்றில் செய்து பாருங்கள். மழைக்காலத்தில் துவைக்க நேர்ந்தால் ஒரே கொடியில் மடித்துப் போடாமல் இரண்டு கொடிக்குக் குறுக்கே விரித்துப் போடுங்கள், ஃபேனையும் போட்டுவிடுங்கள், நடு அடுக்கு தொட்டுப் பார்க்க உலர்ந்ததுபோல் இருந்தாலும் இன்னொரு நாள் விட்டே மடியுங்கள்.